பரங்கி போட ஆகாத வீடு

எங்கள் வீட்டில் பரங்கிக்காய் வாங்கலாம், அரியலாம், புளிக்குழம்பு வைக்கலாம், தட்டை வழித்து வழித்துச் சாப்பிடலாம். விதை மட்டும் போடக் கூடாது. உத்திரமேரூர் பக்கத்து இந்த ஊருக்கு நான் வாழ்க்கைப்பட்டு வந்த முதல் ஆடியிலேயே மாமியார் இதைச் சொல்லிவிட்டார். அவருடைய மாமனாருக்கு ஒரு தம்பி இருந்தாராம். பரங்கி போட்ட வருஷம் கிணற்றில் விழுந்து செத்தாராம். அதிலிருந்து இந்த வம்சத்துக்குப் பரங்கி ஆகாது. கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் இருந்ததா அத்தை என்று கேட்டேன். "வந்த அன்னிக்கே வாயப் பாரு," என்றார்.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். எங்கள் வீட்டில் பட்டத்தைத் தேட வேண்டாம், அத்தையின் முகத்தைப் பார்த்தால் போதும். சாம்பல் பூசிக் காயவைத்த விதைகளைப் பழைய பாட்டில்களில் போட்டுத் தன் பீரோவின் மேல் அடுக்கி வைத்திருப்பார். முதல் மழை விழுந்ததும் பாட்டில்கள் கீழே இறங்கும். பின்பக்கத் தோட்டத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, இந்த வருஷம் எது, எங்கே என்று உத்தரவு போடுவார். என் கொழுந்தனாருக்கு வெண்டைக்காய் பிடிக்கும், அதனால் நல்ல மண்ணெல்லாம் வெண்டைக்கு. கொழுந்தனார் குடும்பம் பக்கத்து வாசலில் தனியாகத்தான் சமைக்கிறது, ஆனாலும் தோட்டம் பொது, அத்தைக்குச் செல்லப்பிள்ளையும் அவர்தான். கொத்தவரை வத்தலுக்கு. அத்தைக்குப் பல் போனபிறகு புடலைப் பந்தல் பெரிதாயிற்று. களை எடுப்பவள் நான், தண்ணீர் விடுபவள் நான், வேப்பெண்ணெய் கரைத்துப் பூச்சிக்கு அடிப்பவள் நான், கடைசியில் அடுப்பில் ஏற்றுபவளும் நான். உனக்கு என்ன வேண்டும் என்று ஒரு நாய்கூடக் கேட்டதில்லை.

சரி, என்னை விடுங்கள். மூத்த மகன், என் வீட்டுக்காரர், அவருக்குப் பரங்கி என்றால் உயிர். மொச்சை போட்டுப் பரங்கிக்காய் புளிக்குழம்பு வைத்தால் அன்றைக்கு வீட்டில் சண்டையே இருக்காது. அதற்காக நான் சந்தையில் போய் அழுகலும் பிஞ்சுமாகப் பொறுக்கிக்கொண்டு வர வேண்டும். மார்கழியில் வாசல் கோலத்துச் சாணி உருண்டையில் வைக்கப் பரங்கிப்பூ வேண்டும் என்றால், அத்தையே அடுத்த வீட்டில் போய்க் கேட்டு வாங்கிவருவார். பூ ஆகும், காய் ஆகும், கொடி ஆகாது. இதில் ஒரு சலுகையும் உண்டு. தானாக முளைத்தால் குற்றமில்லையாம். கையால் போட்டால்தான் தோஷமாம். சாமிக்கு எவ்வளவு நுணுக்கம் பாருங்கள்!

ஒரு ஆடியில், சந்தையில் வாங்கிவந்த பரங்கியை அரிந்தால் உள்ளே முழுக்கப் புழு. என் வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாமளே போட்டா இன்னா?" என்றார்.

"போட்டா உங்கம்மா என்னப் போட்டு மூடிடுவாங்கோ."

"குப்பமேட்டு ஓரமா போடு. கேட்டா தானா மொளச்சுதுன்னு சொல்லிக்கலாம். நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்ன மனிதர்தான் பாதியிலேயே என்னை விட்டுவிட்டுப் போனார்.

அக்கம்பக்கத்தில் நல்ல விதையாகக் கேட்டு வாங்கி, என் கையால்தான் போட்டேன். கொடி என்ன வேகத்தில் ஓடியது தெரியுமா! குப்பைமேட்டைத் தாண்டி வைக்கோல் போரில் ஏறி, அதன் தலையில் போய் உட்கார்ந்துகொண்டது. அத்தை பார்த்துவிட்டு, "யாரு போட்டா?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டு, "தானா மொளச்சுதும்மா," என்றார். அத்தை அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். தானாக முளைத்ததாகிவிட்டதால் கொடி தப்பியது. தினமும் காலையில் வாயில் பிரஷ்ஷோடு என் வீட்டுக்காரர் போருக்குப் பக்கத்தில் நின்று, எந்தப் பிஞ்சு நின்றது, எது வெம்பி விழுந்தது என்று பார்ப்பார். பொங்கலுக்குள் பழுத்துவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

கார்த்திகையில் அடைமழை. ஏரி நிறைந்து, வயலில் தண்ணீரை வடியவிடப் போனவர் சாயங்காலம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்தார். "மாரு அடைக்கிற மாரி கீதுடீ," என்றார். வியர்வை, அந்தக் குளிரில்! நான் ஆட்டோவுக்குப் போன் பண்ணப் போனேன். கொழுந்தனார் வந்து என்னைத் தடுத்தார்.

"கேஸ்தான் அண்ணி. காலைல நாஷ்டா துன்னாம வயலுக்குப் போனா இன்னா ஆவும்? எல்லாத்துக்கும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரின்னு பேஜார் பண்ணாதீங்க."

அவரே கடைக்குப் போய் சோடா வாங்கிவந்தார். அத்தை ஓமம் கொதிக்கவைத்துக் கொடுத்தார். நான் மறுபடியும் ஆட்டோ, ஆட்டோ என்று கத்தினேன். "சும்மா இருடீ, நல்லா கீறவன நீயே படுக்க வெச்சிடுவ போலகீது," என்றார் அத்தை. சோடா குடித்து ஒரு ஏப்பம் வந்தது. அந்த ஏப்பத்தைக் கேட்டு வீடே நிம்மதியாயிற்று. அவரும், "காலைல பாக்கலாம்," என்று படுத்துவிட்டார். காலையில் நான் யாரையும் கேட்கவில்லை. ரோட்டுக்கு ஓடி ஆட்டோ பிடித்து வந்து அவரை ஏற்றினேன். செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவதாக இருந்தோம். உத்திரமேரூரைத் தாண்டுவதற்குள் தலை என் தோளில் சாய்ந்துவிட்டது.

உடம்பை வாசலில் கிடத்தியபோது அத்தை மாரில் அடித்துக்கொண்டு அழுதார். பெற்ற வயிறு, அழட்டும். திடீரென்று தலையை நிமிர்த்தித் தோட்டத்துப் பக்கம் கையை நீட்டினார். "பரங்கி போட்டு எம்புள்ளய வாரிக் குடுத்துட்டாளே!" அவ்வளவுதான். அதுவரைக்கும் எப்படிச் செத்தார், ஏன் நேற்றே கூட்டிப் போகவில்லை என்று முணுமுணுத்த வாயெல்லாம் பரங்கிக்குத் திரும்பிவிட்டது. வெளுத்துக் கிடந்த கொழுந்தனார் முகத்தில் மறுபடி இரத்தம் ஓடியதை நான் என் கண்ணால் பார்த்தேன். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்.

கருமாதியன்று அத்தையின் அண்ணன் வாலாஜாபாத்திலிருந்து வந்திருந்தார். எல்லோரும் சாப்பிட்டு முடித்தபின் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு என்னைக் கூப்பிட்டார்.

"இன்னாம்மா, அது தானா மொளச்சுதா, நீ போட்டியா? உள்ளத சொல்லு."

அங்கே இருந்தவர்கள் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். காலேஜில் படிக்கும் என் மகள் எனக்குப் பின்னால் நின்றுகொண்டு, "தானா மொளச்சுதுன்னு சொல்லும்மா, வுட்ருவாங்க," என்று காதில் சொன்னாள். சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை, முடிந்தது. இல்லை, அவர்தான் போடச் சொன்னார் என்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். செத்தவன் தன் சாவைத் தானே வரவழைத்துக்கொண்டான் என்று இவர்கள் அதையும் மென்றிருப்பார்கள். அவர் பெயரை இழுக்க எனக்கு மனசு வரவில்லை. ஒரு காய்கறி விதைக்கு நான் ஏன் பொய் சொல்ல வேண்டும்?

"நான்தான் போட்டேன். மாரு வலிக்குதுன்னு சொன்ன மனுஷனுக்கு சோடா வாங்கியாந்தது யாருன்னும் அப்படியே கேளுங்க மாமா," என்றேன்.

முதல் பாதியைத்தான் எல்லோரும் கேட்டார்கள். இரண்டாவது பாதி யார் காதிலும் விழவில்லை. "ஒத்துக்கினாளே, தெகிரியத்தப் பாரு!" என்று ஒருத்தி கன்னத்தில் கை வைத்தாள். அன்றைக்கே கொழுந்தனார் கொடியை வேரோடு பிடுங்கி, காய்களோடு சேர்த்து ஏரிக்கரையில் வீசிவிட்டு வந்து குளித்தார். மறுநாள் போய்ப் பார்த்தால் கொடிதான் கிடந்தது, ஒரு காயைக் காணோம். யாரோ தூக்கிக்கொண்டு போய்க் குழம்பு வைத்திருக்கிறார்கள். ஊரில் அந்தப் பொங்கலுக்கு ஒரு சாவும் விழவில்லை.

எனக்கு மட்டும் பெயர் நின்றுவிட்டது. பரங்கி போட்டவள். தண்ணிக் குழாயடியில் நான் குடத்தை வைத்தால் பேச்சு நிற்கும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? என்னைச் சொல்லிவிட்டுப் போகட்டும். தென்னேரி பக்கமிருந்து என் மகளை ஒரு இடத்தில் கேட்டார்கள். பையன் நல்ல பையன். பெண் பார்க்க வருகிறோம் என்றவர்கள் டீக்கடையில் விசாரித்துவிட்டு அப்படியே பஸ் ஏறிவிட்டார்கள். தாய் கை சரியில்லாத வீடாம். அன்றைக்கு என் மகள் என்னிடம், "தானாங்கிற ஒரு வார்த்தய சொல்றதுக்கு உனக்கு இன்னாம்மா வலிச்சுது?" என்று கேட்டாள்.

இந்த வருஷம் கோடையில் ஒருநாள், அத்தை முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் அப்படியே சுவரில் சாய்ந்தார். கை நெஞ்சில். கொழுந்தனார் ஓடிவந்து, "கேஸ்மா, இரு, சோடா வாங்கியாறேன்," என்றார். அதே வார்த்தை. அத்தை மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்:

"உன் சோடாவ நீயே குடி. ஏமே, ஆட்டோ கூப்புடுடீ, சீக்கிரம்!"

என்னைத்தான். ஆட்டோவில் என் மணிக்கட்டைப் பிடித்த பிடி ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் விடவில்லை. டாக்டர் கேட்பதற்குள் அவரே முந்திக்கொண்டு, "இப்பத்தான் வந்துச்சு சார், கேஸ் இல்ல, மாரு வலி, ஒடனே வந்துட்டோம்," என்றார். நேரத்தில் வந்ததால் பிழைத்தார். நான் பக்கத்தில் ஃபைலைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

உப்பைக் குறைக்க வேண்டும், நீர்க்காயாகச் சாப்பிட வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். ஆடி பிறந்தது. அத்தையால் முக்காலியில் உட்கார முடியவில்லை. "பாட்டில எறக்கி நீயே பாத்துப் போடு," என்றார். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக, தோட்டத்தில் என்ன போடுவது என்று நான் முடிவு செய்தேன். என்னத்தைப் பெரிய முடிவு? சுரை, பீர்க்கு, புடலை. எல்லாம் அவருடைய நெஞ்சுக்கு.

முதல் பீர்க்கங்காய் பறித்துக் கூட்டு வைத்த அன்று, தெருப் பெண்கள் அத்தையைப் பார்க்க வந்தார்கள். நான் உள்ளே அவருக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். எப்படி வந்தது, ஏன் வந்தது என்று கேட்டார்கள். "எல்லாம் அந்தப் பரங்கி தோஷம்தாம்மா. இன்னும் இந்த வூட்ட வுட்டுப் போவல," என்று அத்தை சொல்வது எனக்குத் தெளிவாகக் கேட்டது.

அவர்கள் போகும்வரை பொறுத்தேன். பிறகு தட்டை அவர் முன்னால் டொக்கென்று வைத்தேன்.

"உங்க மாருக்கு ஆட்டோ கூப்புடத் தெரிஞ்சுதே அத்தே, பெத்த புள்ள மாருக்கு ஏன் ஓமத்தண்ணி குடுத்தீங்கோ?"

அத்தை சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"எனக்குத் தெரியாதாடீ? நீ கத்தறப்போ உன்ன அடக்கனது நான்தான். பரங்கி, பரங்கின்னு சொல்லிக்கினு கீறேன், அதனால ரெண்டு வாய் சோறு எறங்குது. அதயும் நீ புடுங்கிட்டா நான் இன்னாத்த துன்றது?"

அவருக்குச் சோறு இறங்க வேண்டுமென்றால் நான் புருஷனைக் கொன்றவளாகவே இருக்க வேண்டும். கூட்டை இன்னொரு கரண்டி போட்டேன். அவர் சாப்பிட்டார். என் மகளுக்கு இன்னும் வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.