அரட்டை அறைக்குள் இருந்தவர்கள்

போர் ஓய்ந்திருந்த சமாதான காலத்தில், தீவொன்றிலுள்ள ஊர்காவற்றுறையில் ஒரு சிறிய கணினி வகுப்பில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். அங்கே இணையம் இல்லை. சனிக்கிழமைகளில் பஸ் ஏறி யாழ்ப்பாணம் போய், இன்ரநெற் கபே ஒன்றில் இருந்து, இலவச மென்பொருளொன்றைத் தமிழாக்கும் தொண்டர் குழுவுக்கு வேலை செய்வேன். பல நாடுகளில் இருந்தவர்கள். ஒருவர் முகமும் எனக்குத் தெரியாது. மின்னஞ்சல் மடற்குழுவில் ஒருவர் எழுதுவது எல்லோருக்கும் போகும். சொற்களை அங்கேதான் வாதாடி முடிவெடுக்கிறோம் என்று நம்பியிருந்தேன்.

என்னோடு படிப்பித்த மண்டைதீவுக்காரரை அந்தக் குழுவில் சேர்த்துவிட்டதே நான்தான். என்னைவிட இளையவர், அக்கா என்றுதான் கூப்பிடுவார். பிறகு அவர் வேலை மாறி யாழ்ப்பாணத்தில் அறை எடுத்தார். தினமும் அதே கபேயில் இணையம்.

‘டிலீற்’ என்பதற்குத் தமிழ் தேடிக்கொண்டிருந்தோம். ‘அழி’ என்று நான் நீண்ட மடல் எழுதினேன். கரும்பலகையில் எழுதியதை எங்கள் பிள்ளைகள் அழிப்பார்களே தவிர நீக்கமாட்டார்கள் என்றேன். பதில் மடல் ஒன்றும் வரவில்லை. பிறகொரு சனிக்கிழமை ஒற்றை வரியில் மடல் வந்தது: ‘நீக்கு’ என்று முடிவாகியிருக்கிறது.

மண்டைதீவுக்காரர் பக்கத்துக் கதிரையில்தான் இருந்தார்.

“இது எங்கை முடிவானது?”

“அரட்டை அறையிலை கதைச்சனாங்கள், அக்கா. நாலைஞ்சு பேர்தான். குழுவிலை போட்டா ஆளுக்கொரு கதை, ஒண்டும் முடியாது.”

“நீரெண்டாலும் எனக்குச் சொல்லியிருக்கலாமே?”

“நீங்கள் சனிக்கிழமைதானே வாறனீங்கள்.”

வஞ்சகமில்லாமல்தான் சொன்னார். பஸ் பண்ணைப் பாலம் தாண்டும்போதும் அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். சொல் போனது பெரிதில்லை. நான் கூட்டிவந்தவர் என்னைத் தாண்டி உள்ளே போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை குழுவுக்கு எழுதினேன். முடிவெடுக்கும் பேச்சு எல்லோருக்கும் தெரியும் இடத்தில் நடக்கவேண்டும். தீவிலிருந்து சனிக்கிழமை மட்டும் வருகிற எனக்கு வேறு வழியில்லை என்றேன். அதுவரை ஒரு வரியும் எழுதாத ஒருவர் பதில் போட்டார்: “உங்கள் மடல்கள் மட்டுமே வருவதால், மற்றவர்கள் விலகிவிட்டார்கள் என்றே நினைத்தேன்.” அதன்பின் இன்னும் சிலர் கேட்டார்கள். குழுவின் ஒருங்கிணைப்பாளர் மன்னிப்புக் கேட்டு, பழைய அரட்டைப் பதிவு முழுவதையும் குழுவில் போட்டார்.

என்னைப் பற்றிக் குறை சொல்லியிருப்பார்கள் என்று அதில் தேடினேன். ஒன்றுமில்லை. ‘அக்கா சொல்லுறதிலை ஞாயம் இருக்கு’ என்று மண்டைதீவுக்காரர் எனக்காகப் பேசியுமிருந்தார். மிச்சமெல்லாம் பகிடியும் சிரிப்பும். ஒருவர் புட்டுப்பானையைக் கருகவிட்ட கதை, இன்னொருவர் பனியில் வழுக்கி விழுந்த கதை. அவருக்குப் பட்டப்பெயர்கூட வைத்திருந்தார்கள். குறை சொல்லியிருந்தால் கோபப்பட்டு ஆறியிருப்பேன். அந்தப் பட்டப்பெயரைத்தான் தாங்க ஏலாமல் இருந்தது.

சொல்லைத் திரும்பக் குழுவில் விவாதித்தோம். “எங்கள் ஊரில் அழிந்தது போதும். பிள்ளைகள் அந்தச் சொல்லைத் தினமும் பார்க்கவேண்டாம்” என்று ஒரு பெண் எழுதினார். நான் தோற்றேன். எல்லோர் முன்னிலையிலும் தோற்றது வலிக்கவில்லை. ‘நீக்கு’ என்று நானே மாற்றிக் கொடுத்தேன்.

முடிவுகள் அதன்பின் மடற்குழுவிலேயே நடந்தன. அரட்டை அறைக்கும் என்னை அழைத்தார்கள். போனேன். “வணக்கம் அக்கா” என்று ஒவ்வொருவராக மரியாதையாக எழுதினார்கள். பிறகு என் திரையில் ஒரு வரியும் வரவில்லை. பக்கத்துக் கதிரையில் மண்டைதீவுக்காரர் தன் திரையில் ஓடிய வரிகளைப் பார்த்துச் சிரித்தார்.

“என்ன பகிடி?” என்றேன்.

“சும்மா, அக்கா.”