அப்பாவின் லென்ஸும் ஒரு சிவப்புப் படமும்

நேற்று கூரியரில் ஒரு நீளக் குழாய் வந்தது. மூடியைத் திருகியதும் புதுத்தாளும் மையும் கலந்த வாசனை. உள்ளே, இணையத்தில் தேடிப் பிடித்து நான் வாங்கிய ஓவியப் பிரதி. தாள் நிறையச் சிவப்பு, கீழே கறுப்பாய் ஓர் இழுப்பு, அவ்வளவுதான். என்ன படம் என்று கேட்காதீர்கள். எத்தனையோ வருடமாய்த் தெரியாமலேதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இதே ஓவியத்தின் பழைய பிரதியை, வேலைக்குச் சேர்ந்த புதிதில் கொல்கத்தா காளிகாட்டில் வாங்கினேன். கடையில் பாதி காளி படங்கள், பாதி காலண்டர்கள். உள்ளே ஓர் அலமாரியில் மட்டும் வெளிநாட்டு ஓவியங்களின் அச்சுப் பிரதிகள். சனிக்கிழமை அரைநாள் ஆபீஸ் முடிந்ததும் நேரே அங்கேதான். கைப்பையில் அப்பாவின் லென்ஸ் இருக்கும். அச்சின் மேல் அதை வைத்தால் நிறம் போய்ப் புள்ளிகள் தெரியும். புள்ளிகள் பொடியாக, விலகாமல் விழுந்திருந்தால் நல்ல அச்சு என்று எங்கோ படித்திருந்தேன், அந்த மிதப்பு எனக்கு. படத்தைத் தள்ளி நின்று பார்ப்பதுதான் வழக்கம் என்று தாதா, அதாவது அண்ணா, என்று நான் கூப்பிடும் கடைக்காரர் வங்க மொழியில் சொல்லிச் சிரிப்பார்.

அந்த நேரத்தில் பவானிபூர் வீட்டில் அப்பா லென்ஸைத் தேடிக்கொண்டிருப்பார். அவருக்குப் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. சொட்டு மருந்துக்கெல்லாம் நிற்கவில்லை. லென்ஸ் இல்லாமல் பேப்பர் படிக்க முடியாது. நான் படியேறும் சத்தம் கேட்டதுமே ஆரம்பித்துவிடுவார்.

"என் லென்ஸை எங்கடி கொண்டுபோனே?"

சிவப்புப் படத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஹாலில் மாட்டிய அன்று, லென்ஸும் கையுமாக அதை மூலைக்கு மூலை ஆராய்ந்தார். பாங்கில் கையெழுத்துச் சரிபார்த்தே காலம் கழித்தவர். இதில் என்ன இருக்கிறது என்றார். ஒன்றும் இல்லை என்றேன். ஒன்றும் இல்லாததற்கா கண்ணாடி போட்டிருக்கிறாய் என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார். அம்மாவோ வெள்ளிக்கிழமை மற்றப் படங்களோடு அதற்கும் சந்தனம் குங்குமம் வைத்துவிட்டாள். சட்டத்துக்குள் இருப்பதெல்லாம் அவளுக்குச் சாமி. கறுப்பு இழுப்பின் மேல் அந்தப் பொட்டு நன்றாகவே இருந்தது, அழிக்க மனம் வரவில்லை.

பிறகு லென்ஸாலும் பயனில்லாமல் போயிற்று. பேப்பரை நான் படித்துக் காட்டினேன். கல்யாண போட்டோவில் அம்மாவின் முகம் தெரியவில்லை என்று ஒருநாள் சொன்னார். அன்று சாயங்காலம் அவரே நாற்காலியை இழுத்துச் சிவப்புப் படத்துக்கு எதிரே போட்டுக்கொண்டார். ஏனப்பா என்றேன்.

"மத்ததெல்லாம் பாதிதான் தெரியறது. இது முழுசாத் தெரியறது."

கடைசிவரை அங்கேதான் உட்கார்ந்தார். அவர் கண்ட சிவப்பு எப்படி இருந்திருக்கும்? நான் கண்டதேவா, வேறு ஏதாவதா? கேட்டிருந்தாலும் எந்தச் சொல்லில் சொல்லியிருப்பார்? இன்றும் அது தெரிந்தால் தேவலை என்றிருக்கிறது.

காளிகாட் கடை இப்போது செல்போன் கடை. பழைய பிரதி கொல்கத்தா ஈரத்தில் பூஞ்சை பிடித்து, வெளுத்து, ரோஜா நிறமாகிவிட்டது. அதனால்தான் புதிது. மேசையில் விரித்து லென்ஸை வைத்தேன். ஒரு புள்ளிகூட இல்லை. எவ்வளவு கிட்டே போனாலும் சிவப்பு சிவப்பாகவே இருக்கிறது. நல்ல அச்சுதான்.

லென்ஸைப் புடவைத் தலைப்பில் துடைத்து, பழைய அவசரத்தோடு அப்பாவின் நாற்காலிப் பக்கம் அதன் இடத்தில் வைத்தேன். எங்கே கொண்டுபோனாய் என்று யாரும் கேட்கவில்லை.