பதினேழு பேரும் பதினெட்டு முறைத் தண்ணீரும்

2024ஆம் ஆண்டு நவம்பர் 18, திங்கட்கிழமை, காலை பத்தேகால் மணிக்குக் கஸ்தூரியம்மாளை முதன்முதலாகப் பார்த்தேன். தேனியில் நான் பணிபுரியும் பயண ஏற்பாட்டு அலுவலகத்தின் கண்ணாடிக் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார். வருகிறவர்கள் பெரும்பாலும் கைப்பேசியில் ஏதாவது ஒரு கடற்கரைப் படத்தை நீட்டுவார்கள். இவர் கையில் இருந்தது ஒரு தினசரி நாள்காட்டி. வரப்போகும் ஆண்டுக்குரியது, ஒரு தாள்கூடக் கிழிக்கப்படாதது.

"மொத்தம் பதினேழு பேரு சார்," என்றார், நாற்காலியில் அமர்வதற்கு முன்பே. "மூணு குடும்பம். மே பதினஞ்சு கெளம்பணும், இருவத்தி நாலுக்குள்ள வீடு வந்து சேரணும். ஊரு எதுன்னு நீங்களே சொல்லுங்க. கடலு வேணும், தீவு வேணும், பெரிய பட்டணம் ரெண்டு வேணும்."

"தேதிய ஒரு வாரம் முன்னப்பின்ன வச்சுக்கலாமாம்மா? டிக்கெட்டு சுலபமாக் கெடைக்கும்."

"நான் ஒத்துக்குவேன் சார். கொடி ஒத்துக்கணும்ல?"

நான் விழித்ததைப் பார்த்து நாள்காட்டியைத் திருப்பி வைத்தார். சனவரி ஐந்தாம் தேதித் தாளில் நீல மையால் ஒரு வட்டம். நூற்றிருபது தாள்கள் தள்ளி மே ஐந்தில் இன்னொரு வட்டம். பன்னீர்த் திராட்சைக் கொடியைக் கவாத்துச் செய்த, அதாவது கிளை நறுக்கிய, நூற்றிருபதாம் நாள் அளவில் குலை வெட்டுக்கு வரும். அதன் பின் ஏறத்தாழ ஒரு மாதம் கொடி ஓய்வெடுக்கும். தோட்டக்காரர் ஊரைவிட்டு நகரலாம் என்றால் அந்த ஒரு மாதத்தில்தான் நகரலாம். கம்பம் பள்ளத்தாக்கில் ஒவ்வொரு தோட்டத்துக்கும் அந்த மாதம் வெவ்வேறு சமயத்தில் வரும். ஆகவே ஒரு குடும்பத்தில் மூன்று தோட்டங்கள் இருந்தால், மூன்று வீட்டாரும் சேர்ந்து ஓய்வாக இருக்கும் நாள் என்று ஒன்று இருப்பதே இல்லை.

கஸ்தூரியம்மாளின் வீட்டில் அதுதான் நடந்துகொண்டிருந்தது. மயிலாடும்பாறையின் மானாவாரிக் காட்டில் பிறந்து, பத்தாம் வகுப்பு முடித்து, இருபது வயதில் சுருளிப்பட்டிக்கு மருமகளாக வந்தவர். வந்த மூன்றாம் ஆண்டிலேயே கூலியாள் வைத்திருந்த கத்தரியை வாங்கித் தானே கவாத்துப் பழகிக்கொண்டார். கணவர் ஒச்சாண்டி மூத்தவர். நடுத்தம்பி சுருளிராஜன், கடைத்தம்பி முத்துப்பாண்டி. பாகம் பிரித்தபோது நிலம் மூன்றாயிற்று. கிணறு மட்டும் ஒன்றாகவே நின்றது. நாளுக்கு ஒரு வீடு என்று முறை வைத்துத் தண்ணீர் எடுத்தார்கள்.

"எம் மக யுவராணி கல்யாணத்துல எல்லாரும் நின்னு எடுத்த படம் ஒண்ணு இருக்கு சார். அதுல எங்க நடுக்கொழுந்தனார் இல்ல. தாலி கட்டுனதும் பழம் வெட்டுன்னு போயிட்டாக. அவுக வீட்டுக் காதுகுத்துக்கு நாங்க மருந்தடிச்சுட்டு மூக்கத் துடைச்சுக்கிட்டே போனோம். பதினாறு வருசமா அவுக ஒரு ராத்திரி வெளியூருல தங்குனதில்ல. நாங்க எப்பக் கூடுனாலும் ஏதாவது ஒரு வீட்டுல ஆளு கொறையும். இந்த ஒரு தடவ, ஒருத்தரும் போன எடுத்து மோட்டரு ஓடுதான்னு கேக்காம இருக்கணும்."

அவர் கேட்டது அவ்வளவுதான். அதற்காகத்தான் மூன்று தோட்டத்தையும் ஒரே வாரத்தில் வெட்டுக்குக் கொண்டுவர ஐந்தரை மாதம் முன்பே புறப்பட்டிருந்தார்.

அன்று மாலைக்குள் ஒரு திட்டம் எழுதி முடித்தோம். திருச்சியிலிருந்து கோலாலம்பூர், அங்கிருந்து லங்காவித் தீவு, கப்பலில் கரையேறிப் பினாங்கு, பிறகு சிங்கப்பூர், கடைசி நாள் கடல் கடந்து பாத்தாம் தீவுக்குச் சென்று மாலையில் திரும்புதல். பாத்தாமைச் சேர்த்தால் சிங்கப்பூருக்குள் இருமுறை நுழைய அனுமதி வேண்டும் என்றேன். "அதுக்கென்ன, இப்பவே கேட்டு வச்சிருங்க," என்றார். ஒன்பது பகல். யார் யார் என்ன பார்ப்பது என்பதில் பதினேழு பேருக்குள் சண்டை வராதா என்று கேட்டேன். இத்தகைய குழுக்கள் இரண்டாம் நாளே இரண்டாகப் பிரிவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

"கெணத்துல எப்படியோ அப்படித்தான். ஒரு நாளு ஒரு வீட்டு முறை. அன்னைக்கு அவுக சொல்ற எடத்துக்குத்தான் எல்லாரும் போகணும். மும்மூணு ஒம்போது, வீட்டுக்கு மூணு முறை வருது பாருங்க."

நான் பதினான்கு ஆண்டுகளில் போட்ட பட்டியல்களில் இப்படியொன்று இருந்ததில்லை. எழுதிக்கொண்டேன்.

ஆனால் சுருளிராஜன் சம்மதிக்கவில்லை. திசம்பர் 26 அன்று, குடும்பத்தாரின் கடவுச்சீட்டு நகல்களை வாங்க நான் தோட்டத்துக்கே போயிருந்தபோது அந்தப் பேச்சு மோட்டார் அறை வாசலில் நடந்தது. மற்ற இரு தோட்டங்களும் நவம்பர் கடைசியில் வெட்டு முடிந்து ஓய்வில் இருந்தன. அவருடைய தோட்டத்தில் அன்றுதான் கடைசிக் குலைகள் இறங்கிக்கொண்டிருந்தன.

"மதினி, நான் பிப்ரவரி ஒண்ணாந் தேதிதான் கவாத்துக்குக் கத்தரி வைக்கணும். உங்க கணக்குக்கு சனவரி பன்னெண்டுல வைக்கச் சொல்றீக. கொடி களைச்சுப் போயிக் கெடக்கு. ரெண்டு வாரத்துல எந்திரின்னா எந்திரிக்குமா?"

"எந்திரிக்க என்ன செய்யணும்?"

"எரு போடலாம். அது ஆகும். தண்ணி கூடுதலா வேணும். எந் தோட்டம் சரள மண்ணு, தண்ணி நிக்காது. மூணு நாளைக்கு ஒரு முறை பத்தாது."

"ஏலே சுருளி," என்றார் ஒச்சாண்டி, எலுமிச்சை நிழலிலிருந்து, "நீ பிளேனுக்குப் பயந்துக்கிட்டுக் கொடி மேல பழியப் போடுற."

"பயமா? நீங்க குமுளி மலை ஏறுறப்ப கம்பியப் பிடிச்சுக்கிட்டுக் கண்ண மூடுன ஆளு."

எல்லோரும் சிரித்தார்கள், கஸ்தூரியம்மாள் சிரிக்கவில்லை. கிணற்றை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "எங்க முறையில ஒண்ணு விட்டு ஒண்ண நீங்க எடுத்துக்கங்க. சனவரியில இருந்து ஏப்ரல் கடைசி வரைக்கும். இப்பச் சொல்லுங்க, வர்றீகளா இல்லையா?" என்றார்.

கோடையில் ஒரு முறைத் தண்ணீர் என்றால் என்ன என்பது அங்கே நின்ற மற்றவர்களுக்கெல்லாம் தெரியும். என் முகத்தைத் தவிர மற்ற எல்லா முகங்களிலும் அது தெரிந்தது.

"சும்மா வாங்க மாட்டேன் மதினி. முறைக்கு முறை திருப்பித் தருவேன்."

"தாங்க. முதல்ல பாஸ்போர்ட்ட எடுத்து சார் கையில கொடுங்க."

சனவரி 12 அன்று சுருளிராஜன் கத்தரி வைத்தார். வாங்கிய ஒவ்வொரு முறைக்கும் மோட்டார் அறையின் உட்சுவரில் கரித்துண்டால் ஒரு கோடு கிழித்தார். ஏப்ரல் முடிவில் பதினெட்டுக் கோடுகள் இருந்தன. இடையில் இரண்டு முறை அலுவலகத்துக்கு வந்த கஸ்தூரியம்மாள் அவற்றைப் பற்றி ஒரு சொல்லும் பேசவில்லை. லங்காவியில் கம்பிவட ஊர்தி காற்றடித்தால் நிற்குமா, பினாங்கில் இட்லி கிடைக்குமா, பதினேழு பேருக்கும் ஒரே நிறத்தில் பெட்டிக் கயிறு எங்கே வாங்கலாம் என்பவையே அவர் கேள்விகள். பதில்களை நாள்காட்டித் தாள்களின் பின்புறத்தில் குறித்துக்கொண்டார்.

மே 11 அன்று பகல் பதினொரு மணிக்கு அவரிடமிருந்து அழைப்பு வந்தது. குரலில் பதற்றமில்லை. "சார், பதினேழுல ஒரு டிக்கெட்ட நிறுத்துனா மத்தவுகளுக்கு ஏதும் இடைஞ்சல் வருமா?"

"யாருக்கும்மா முடியல?"

"எனக்குத்தான்."

சுருளிராஜனின் தோட்டம் சொன்னபடி எழுந்து, சொன்ன நாளுக்கு முன்பே வெட்டு முடிந்துவிட்டது. முத்துப்பாண்டியின் தோட்டமும் முடிந்தது. தண்ணீர் குறைந்த கஸ்தூரியம்மாளின் தோட்டத்தில்தான் காய் பெருக்கவில்லை. பாதிக் குலைகளில் நிறம் ஏறவில்லை. குலைகளைத் தூக்கிப் பார்த்த வியாபாரி, பத்து நாள் கழித்து ஆள் அனுப்புகிறேன் என்று சொல்லிப் போய்விட்டார். கிளியும் வௌவாலும் இறங்கும் பருவத்தில் பந்தலை விட்டுவிட்டுப் போக முடியாது. யாராவது ஒருவர் இருக்க வேண்டும். ஒச்சாண்டிக்கு முழங்கால் வலி. இரவுக் காவலுக்கு ஆகாது.

"ஒரு நாளு பொறுங்கம்மா," என்றேன்.

அடுத்து நடந்ததைச் சுருளிராஜனின் மனைவி சோணையம்மாள் பின்னர் எனக்கு விவரமாகச் சொன்னார். அன்று மாலை மூன்று வீட்டாரும் கஸ்தூரியம்மாள் வீட்டு முற்றத்தில் கூடினார்கள். பயணப் பெட்டிகளைக் கட்டியாகிவிட்டது, பச்சைக் கயிறுகூடப் போட்டாகிவிட்டது.

"நீங்க பதினாறு பேரும் போயிட்டு வாங்க," என்றார் கஸ்தூரியம்மாள். "படம் மட்டும் ஒழுங்கா எடுங்க."

"மதினி," என்று சுருளிராஜன் எழுந்தார். "எந் தோட்டம் காயாம இருக்க உங்க தோட்டத்தக் காயப்போட்டீக. இப்ப நான் அங்கன போயி கடலப் பாத்துக்கிட்டு நிக்கணுமா? நீங்க வரலைன்னா என் வீட்டுல ஆறு டிக்கெட்டையும் நிறுத்தச் சொல்லுங்க."

"கொழுந்தனாரே, கோவத்துல பேசாதீக. இதுக்கா நான் இம்புட்டு நாளு அலைஞ்சேன்?"

"கோவம் இல்ல. கணக்குச் சொல்றேன். இன்னைக்கு பதினொண்ணு. நமக்கு ரெண்டரை நாளு இருக்கு. கத்தரி எத்தன இருக்கு?"

மூன்று வீட்டையும் சேர்த்து ஒன்பது கத்தரிகள் இருந்தன. சுருளிராஜனின் யோசனை எளிமையானது. நிறம் ஏறிய குலைகளை மட்டும் பொறுக்கி வெட்டி வியாபாரிக்கு அனுப்புவது. மீதியைச் சாறு பிழியும் ஆலைக்கு, அவர்கள் கொடுக்கும் விலைக்குத் தள்ளிவிடுவது. இப்படிப் பொறுக்கி வெட்டக் கூலியாட்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், நேரம் பிடிக்கும். வீட்டாள்கள் செய்யலாம்.

விலையில் இழப்பு உண்டு என்று ஒச்சாண்டி இழுத்தார். "இழப்பு எனக்கு. நீங்க பழப் பெட்டிய அடுக்குங்க," என்று கஸ்தூரியம்மாள் முடித்துவிட்டார்.

மறுநாள் விடியலில் பதினேழு பேரும் ஒரே பந்தலுக்குள் நின்றார்கள். பாகம் பிரிந்த பிறகு அப்படி நின்றது அதுவே முதல் தடவை. பெரியவர்கள் வெட்டினார்கள், பிள்ளைகள் அட்டைப் பெட்டிகளில் தாள் விரித்தார்கள். சென்னையிலிருந்து வந்திருந்த யுவராணியின் கணவர் பழுக்காத குலையையும் சேர்த்து வெட்டிவிட, "மாப்பிள்ளைக்குக் கண்ணாடி மாத்தணும் போல. இது கருப்பா பச்சையா?" என்று சோணையம்மாள் கேட்க, "இருட்டுல எல்லாம் ஒண்ணுதான் அத்தே," என்று அவர் சொல்ல, அந்தப் பந்தல் சிரித்து ஓயவில்லையாம். மே 14 பகல் இரண்டு மணிக்குக் கடைசிப் பெட்டி வண்டியேறியது. இரவு எட்டு மணிக்குத் திருச்சி செல்லும் வேன் வந்தது. விரல்களில் கறை போகாமலேயே ஏறினார்கள்.

ஒன்பது நாளும் முறை தவறவில்லை. பினாங்கில் முறை வந்தபோது சுருளிராஜன் கோயிலும் மலை ரயிலும் வேண்டாமென்று பதினாறு பேரையும் காய்கறிச் சந்தைக்கு அழைத்துப்போனார். ஒன்றரை மணி நேரம் மிளகாயைக் கிள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். முறை என்பதால் ஒருவரும் முணுமுணுக்கவில்லை. யார் கைப்பேசியிலும் மோட்டாரைப் பற்றிய பேச்சு எழவில்லை. கேட்பதற்குத் தோட்டத்தில் ஆள் யாரும் இல்லை.

எட்டாம் நாள் சிங்கப்பூரில் மீண்டும் சுருளிராஜனின் முறை. காலை உணவின்போது, "இன்னைக்கு எம் முறைய மதினிக்குத் தாறேன். பதினெட்டுல ஒண்ணு கழிஞ்சது," என்றார்.

"அது தண்ணி முறை. இது ஊரு சுத்துற முறை. இதுல அதக் கழிக்க ஏலாது," என்றார் கஸ்தூரியம்மாள், தேநீரை ஆற்றியபடி. "எங்க போகணும்? சொல்லுங்க."

சுருளிராஜன், கப்பல்கள் நிற்கும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்றார். அங்கே எடுத்த படம்தான் இப்போது கஸ்தூரியம்மாள் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. பதினேழு பேரும் இருக்கிறார்கள். சுருளிராஜன் நடுவில் நிற்கிறார், கண்ணை மூடியிருக்கிறார். வேறு படம் போடலாமே என்றதற்கு, "மூடுனா என்ன? ஆளு இருக்காகல்ல," என்று பதில் வந்தது.

திரும்பி வந்த மறுவாரமே சுருளிராஜன் முறையைத் திருப்பித் தர வந்தார். கோடை மழையில் கிணறு ஏறியிருந்தது. இப்போது எதற்கு என்றார் கஸ்தூரியம்மாள். வெட்டுக்கு வந்து நின்ற இரண்டரை நாளைக் கழித்துக்கொள்ளலாம் என்று ஒச்சாண்டி நடுவர் வேலை பார்த்தார். கைவேலை வேறு, தண்ணீர் வேறு என்று சுருளிராஜனே மறுத்துவிட்டார்.

2026 பிப்ரவரியில் ஒரு நாள் நான் அந்தப் பக்கம் போனேன். புது நாள்காட்டியில் கஸ்தூரியம்மாள் வட்டம் போட்டு வைத்திருந்தார். பாலித் தீவுக்கு எத்தனை பகல் வேண்டும் என்று கேட்டார். கிணற்றில் நீர் இறங்கத் தொடங்கியிருந்தது. அன்று சுருளிராஜனின் முறை. அவர் மோட்டாரைப் போடாமல் வந்து, "மதினி, இன்னைக்கு நீங்க பாய்ச்சுங்க. உங்க பக்கம் காஞ்சு கெடக்கு," என்றார்.

"நாளைக்கு எங்க முறை வருதுல்ல? அது போதும். நீங்க போயி மோட்டரப் போடுங்க, கரண்டு போயிரப்போகுது."

அவர் போய் மோட்டாரைப் போட்டார். தண்ணீர் அவருடைய வாய்க்காலில் திரும்பியது. கஸ்தூரியம்மாள் என்னிடம் பாலியைப் பற்றி விட்ட இடத்திலிருந்து கேட்கத் தொடங்கினார். கிளம்பும்போது மோட்டார் அறையை எட்டிப் பார்த்தேன். பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். உட்சுவரில் ஒரு முழ அகலத்தை மட்டும் சுருளிராஜன் அடிக்கவிடாமல் வைத்திருந்தார். பதினெட்டுக் கோடுகளும் அங்கே இருந்தன, கழிந்துவிட்டதாக ஒன்றுகூட அடிக்கப்படவில்லை.