எதிர்ப்புச் சக்தி

அத்தானுக்குப் பழவங்காடியில் பாத்திரக் கடை. ஒருநாள் கடை அடைக்கும்போது, பூட்டில் நுழைத்த சாவியை அவரால் திருப்ப முடியவில்லை. வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு மறுபடி முயன்றார். பிறகு கடையில் கூட நின்ற என்னைப் பார்த்து, "கையில பெலமே இல்லடே, நீயே பூட்டு" என்றார். பல பரிசோதனைகளுக்குப் பின், தசைகளை இயக்கும் நரம்பு செல்கள் செத்துக்கொண்டே போகும் நோய் என்றார்கள். குணமாக்க மருந்தில்லை, வேகத்தைச் சற்றுக் குறைக்கலாம். அக்கா அழவில்லை. எதிர்ப்புச் சக்தியைக் கூட்டும் என்று யாரோ சொன்ன லேகியத்தைக் கிழக்கேகோட்டையில் வாங்கி வந்து, காலையும் மாலையும் அவருக்கு ஊட்டினாள். அவளால் செய்ய முடிந்தது வேறொன்றும் இருக்கவில்லை.

அத்தானின் பேச்சு குழறத் தொடங்கிய பிறகு ஒருமுறை, அந்த லேகியத்தைத் தொடரலாமா என்று டாக்டரம்மாவிடம் அக்கா கேட்டாள். அவர் மலையாளத்தில் பொறுமையாக விளக்கினார். மூளையிலும் தண்டுவடத்திலும் நரம்புகளுக்குக் காவலாக நோய் எதிர்ப்புச் செல்கள் உண்டு. இந்த நோயில் முதலில் அவை காக்கின்றன. போகப்போகப் பலவும் குணம் மாறி, அழற்சியை உண்டாக்கி, அழிவை விரைவுபடுத்துவதாகக் கருதுகிறார்கள். அப்படியானால் அவற்றை அடக்கிவிடலாமே என்று நான் கேட்டேன். அடக்கிப் பார்த்த மருந்துகள் இதுவரை பெரிதாக உதவவில்லை, நல்லது செய்யும் செல்களும் சேர்ந்து அடங்கிவிடுவது காரணமாக இருக்கலாம் என்றார்.

"அப்ப நானாக்கும் அதுக்குத் தீனி போட்டு வளத்தது?" என்றாள் அக்கா.

"அய்யோ, இல்ல சேச்சி. லேகியத்தால ஒண்ணும் கூடவும் இல்ல, குறையவும் இல்ல" என்றார் டாக்டரம்மா.

அன்று மாலை கரமனை வீட்டில் அவள் லேகியத்தை எடுக்கவில்லை. அத்தான் லேகியம் இருந்த அலமாரியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சொன்னது எங்களுக்குப் பிடிபடச் சற்று நேரமானது. "இனிப்பா இருக்கும். தா." அவள் விரல் நுனியில் எடுத்து ஊட்டினாள். அவரால் விழுங்க முடிந்தவரை ஊட்டினாள்.

மழைக்காலத்தில் நெஞ்சில் சளி கட்டி அவர் போனார். வந்தவர்களுக்கெல்லாம் நான்தான் சாயா கொடுத்தேன். யார் வந்தார்கள் என்பது நினைவில்லை. எனக்குள் எதுவும் அசையவில்லை. இன்றுவரை அசைந்ததாகத் தெரியவில்லை.

போன வாரம் அக்காவுக்குக் காய்ச்சல். நெற்றி கொதித்தது. மாத்திரையை நீட்டினேன். என் கையை மெல்லத் தள்ளிவிட்டாள்.

"உள்ள இருக்க எதிர்ப்புச் சக்தி நல்லதுக்குச் சண்ட போட்டாத்தான் காய்ச்சல் வருமாம். எனக்காச்சும் அது ஒழுங்கா வேல செய்யுது. கொஞ்ச நேரம் செய்யட்டும்டே."

மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.