அக்கா குரல் திக்கும் இடம்

ஏணியை விரிப்பதற்கு முன்னே பெரியம்மா மகளுக்குப் போன் போட்டுவிடுவார் பெட்டிக்காரர். "சொல்லுக்கா" என்பார். அவ்வளவுதான், மறுமுனையில் மடை திறந்துவிடும். போனைக் காதோடு அணைத்தபடி அறை அறையாக நடப்பார். அக்கா குரல் எங்கே திக்குகிறதோ, அந்தச் சுவரில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி.

பெரிய கட்டடங்களுக்குள்ளும் போன் எடுக்க வேண்டுமென்று கூரையில் சிக்னல் பெட்டி மாட்டுவது அவர் தொழில். அளப்பதற்குக் கருவி கொடுத்திருக்கிறார்கள். அது பையை விட்டு வெளியே வந்ததில்லை. "அது நம்பர் காட்டும். அக்கா மாதிரி மூச்சுவிடாம பேசுமா?" என்பார். அந்த வம்சமே அப்படி. அக்காவின் அம்மா வாசலில் நின்று "போயிட்டு வரேன்" சொல்லத் தொடங்கினால், வண்டிக்காரர் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடுவார். அவள் தங்கை, அதாவது இவரைப் பெற்றவள் மட்டும், கேட்டால்தான் வாய் திறப்பாள். இவர் அம்மாவைக் கொண்டு பிறந்தவர்.

கட்டடக்காரர்களோடு ஓயாத வம்பு. பெட்டி அழகைக் கெடுக்கிறதாம், சாமான் அறைக்குள் வை என்பார்கள். "விளக்கை அலமாரிக்குள்ள வச்சிட்டு வீடு இருட்டா இருக்குன்னா எப்படிங்க? தூணுக்குப் பின்னாடி சிக்னலுக்கும் நிழல் விழும்." சிக்னலை மறிக்கும் லிஃப்ட் இரும்பைக் கண்டால் பங்காளியைக் கண்ட முகம். நடைபாதை திரும்பும் மூலை கிடைத்துவிட்டாலோ, "ரெண்டு பக்கமும் கண்ணு போகுது பாருங்க, மாமியார் உட்கார்ற இடம்!" என்று சுவரைத் தட்டிக்கொடுப்பார்.

போன மாதம் வந்தது வினை. ஒரு மருத்துவமனையின் நிலவறையில் பெட்டியைச் சும்மா கட்டிப் பார்த்தபோது, அதுவரை குளறிய குரல் பளிச்சென்று கேட்டது.

"குளியலறையில வழுக்கி விழுந்துட்டேன்டா, முட்டி பிசகிப்போச்சு" என்றாள் அக்கா.

"பிரமாதம்க்கா! இப்படியே இருக்கட்டும்" என்றார் இவர், கூரையைப் பார்த்தபடி.

அக்கா கேட்டாள்: "இத்தனை வருஷத்துல நான் சொன்னது ஒண்ணாவது உன் காதுல விழுந்திருக்கா? ஒண்ணே ஒண்ணு சொல்லு."

இவர் சுவரில் போட்டிருந்த பெருக்கல் குறிகளைத்தான் திரும்பிப் பார்த்தார். அக்கா போனை வைத்துவிட்டாள்.

பிறகு எத்தனை முறை போட்டும் எடுக்கவில்லை. மனைவியை வைத்துச் சோதித்துப் பார்த்தார். "கேக்குதா?" "கேக்குது. அடுப்புல வேலை கிடக்கு, வையுங்க." கடைசியில் கருவியே வெளியே வந்தது. வேலை என்னவோ முன்னைவிடச் சுருக்கமாக முடிந்தது. மனிதர்தான் சோறு பிடிக்காமல் திரிந்தார்.

நேற்று அதே நிலவறையில் மூலைப் பெட்டியை முடுக்கிவிட்டு இறங்கியவர், மனசு கேட்காமல் மறுபடி போட்டார். அக்கா எடுத்துவிட்டாள்.

"என்ன, இன்னிக்கு எந்தச் சுவரு?"

"சுவரு இல்லக்கா. முட்டி எப்படி இருக்கு?"

பேச்சே இல்லை. பழக்கதோஷம், போனைக் காதிலிருந்து எடுத்து சிக்னல் கோடுகளைப் பார்த்தார். அத்தனையும் நிறைந்துதான் இருந்தன.

"மடக்க முடியலடா..." என்று மெல்லத் தொடங்கியது குரல்.

அவர் அடுத்த அறைக்கு நடக்கவில்லை. ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்து, பக்கத்துச் சுவரில் துளைபோட வந்த ஆளைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தார்.