உதைபந்துத் தோலில் இறால் தைத்த கதை

ஊசி பிடிக்கும் தோழிமாரே, பட்டில் பூத் தைப்பவளைக் கலைக்காரி என்பார்கள்; வெடித்த உதைபந்தில் தைப்பவளை வீட்டார்கூட ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். யுத்தத்தில் வடக்கை விட்டு அகதிகளாய் வந்த பெண்கள் நாங்கள், தில்லையடியில் தையல் வகுப்புத் தொடங்கினோம். துணி கிடைக்கவில்லை. கிடைத்ததெல்லாம் விளையாட்டுக் கழகம் கழித்துவிட்ட சாமான்கள். சிலாபத்துக் கைவேலைக் கண்காட்சியில் எங்கள் வேலைகளில் ஏதாவது ஒன்று பரிசு பெறாவிட்டால், வகுப்பு நடக்கும் அறையைத் திருப்பித் தரவேண்டும் என்று பள்ளிக்கூட அதிபர் சொல்லிவிட்டார்.

சாக்கூசி

பந்துகளின் தையலைப் பிரித்து, தோலை ஊறவைத்து விரித்தேன். முதல் நாளே நாலு ஊசி முறிந்தது. கடைசியில் உப்பளத்தில் மூட்டை தைக்கும் சாக்கூசிதான் கைகொடுத்தது. அதால் துளைபோட்டு, பிறகு நூல் கோத்து, தோல்களை இணைத்துச் சுவரில் தொங்கவிடும் சீலையொன்று தைக்கத் தொடங்கினேன். கழகத்தின் கோல் காப்பாளர் நஸீர் தினமும் வந்து, எது எந்தப் பந்தின் தோல் என்று விசாரிப்பார். சுவர்ச்சீலை உருவாவதைக் கண்டதும் கவலையோடு சொன்னார்: "ராத்தா, எனக்கு ஆறு கோல் அடிச்ச பந்த மட்டும் நடுவில வெச்சிராதீங்க."

முழங்காலுக்கு மெத்தை

கிரிக்கெட்காரர் காலில் கட்டும் பேட் இரண்டில் மல்லிகைக் கொடி தைத்துக் காயப்போட்டிருந்தேன். பக்கத்து வீட்டில் சித்தி என்ற பெயருடைய மச்சிக்கு முழங்கால் வலி. அவர் பேட்டை அமுக்கிப் பார்த்துவிட்டு, இரண்டையும் சேர்த்துத் தொழுகைப் பாயாக்கித் தரச் சொன்னார். இது பந்தைத் தடுக்கிற சாமான் என்று விளக்கிப் பார்த்தேன். "கல்லுமாதிரிப் பந்து பட்டே நோகாதெண்டா, தொழுற முழங்காலுக்கு என்ன நோவு?" என்றார்.

சோதனைச்சாவடி

சுவர்ச்சீலையில் நான் தைத்திருந்தது எங்கள் ஊர்க் களப்பு, கடல் உள்ளே வந்து தேங்கும் ஏரி. நீல நூலில் தண்ணீர், வெள்ளையில் உப்பளம், சிவப்பு முடிச்சுகளில் இறால். கண்காட்சிக்குப் போகும் வழியில் பஸ்ஸை மறித்தார்கள். ஒரு சிங்களச் சிப்பாய் சீலையை விரித்ததும்தான் எனக்கு உறைத்தது: யுத்த காலத்தில் நான் ஒரு வரைபடத்தையல்லவா சுருட்டிக்கொண்டு போகிறேன்! அறையும் போச்சு, நானும் போனேன் என்று நினைத்தேன். சிவப்புப் புள்ளிகள் என்ன என்று கேட்டார். இறால் என்றேன். அவர் குனிந்து ஒரு சிவப்பு முடிச்சில் விரலை வைத்தார். சிலாபத்து மீனவர் வீட்டுப் பிள்ளை போலும், தமிழ் தடையில்லாமல் வந்தது. "அக்கா, இந்த இடம் ஆழம். இங்க இறால் வராது, மற்றக் கரையிலதான் வரும்."

பஸ்ஸிலேயே இறால்களைப் பிரித்து மற்றக் கரையில் தைத்தேன், சீலைக்குப் பரிசு கிடைத்தது, அறையும் எங்களிடமே நின்றது; ஆகவே தோழிமாரே, நம் கைவேலையில் குறை சொல்ல ஊரே வரும், துப்பாக்கியோடு வந்து சொல்பவருக்கு மட்டும் பிரித்துத் தைத்துக் கொடுத்துவிடுங்கள்.