வார்னிஸ் காய்ந்த வெள்ளிக்கிழமை

எங்கள் தேவாலயத்தின் நீண்ட மர வாங்குகள் இன்றைக்கும் முகம் பார்க்கலாம் போல மினுங்குகின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் அவற்றில் வந்து இருப்பவர்கள் நானும் இன்னும் சில கிழவர்களும்தான். கதவைப் பூட்டித் திறக்கும் திறப்பு என்னிடம் இருக்கிறது. ஆயுள் முழுக்க அந்தக் கூரையையும் சுவரையும் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டேன். திறப்பு முதன்முதலாக என் கைக்கு வந்தபோது எனக்கு ஒன்பது வயது.

வட்டுக்கோட்டைப் பக்கத்தில் இருக்கும் அந்தச் சிறிய கோயிலை அப்போது அப்பாதான் பராமரித்தார். கூரையில் ஏறி ஓடு மாற்றுவதும், வௌவால் எச்சம் கழுவுவதும் அவரே. வாங்குகள் குடும்பத்துக்கு ஒன்றாகப் பரம்பரையாய் வந்தவை. எது யாருடையது என்று சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆண்டுவிழா வருகிறதென்று அப்பா தன் கையாலேயே அவற்றுக்கு வார்னிஸ் பூசினார்.

வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் என் சின்னம்மா அங்கே செபக்கூட்டம் நடத்துவார். வெங்காயத் தோட்டங்களில் கூலிவேலை செய்யும் பெண்கள் கால் கழுவிக்கொண்டு வந்து, நிலத்தில் பாய் விரித்து இருந்து, கைதட்டிப் பாடுவார்கள். ஞாயிறு ஆராதனையில் தூங்கிவிழும் நான் வெள்ளிக்கிழமைகளில் தூங்கியதில்லை.

வார்னிஸ் இன்னும் காயாத அந்த வெள்ளி, மருதனார்மடத்துக்குப் புறப்பட்ட அப்பா திறப்பை என்னிடம் தந்தார்.

"வாங்கிலை ஒருத்தரையும் இருக்க விடாதை. ஒட்டிப்போடும்."

பெண்கள் வந்தார்கள். அவர்களில் ஒருத்தியின் மகன் நெருப்புக்காய்ச்சலோடு ஆசுப்பத்திரியில் கிடந்தான். அவனுக்காக மன்றாடத்தான் வேலையைக்கூட இடையில் விட்டுவிட்டு வந்திருந்தார்கள். கதவு பூட்டியிருந்தது.

"திறப்பு எங்கை ராசா?" என்று சின்னம்மா கேட்டார்.

"அப்பா கொண்டுபோயிட்டார். உள்ளை வார்னிஸ் அடிச்சிருக்கு."

திறப்பு என் காற்சட்டைப் பைக்குள் இருந்தது. அப்பா காக்கச் சொன்னது வாங்குகளை. காவல்காரன் ஆகிவிட்ட பெருமையில் நான் கதவையே மறுத்துவிட்டேன்.

மழை தூறத் தொடங்கியது. அவர்கள் முற்றத்துப் பூவரசின் கீழே, ஈர மண்ணில் முழங்காலிட்டார்கள். அந்தத் தாயின் அழுகை எனக்கும் கேட்டது. கடைசியில் சின்னம்மா என் தலையில் கைவைத்து, வாங்குகள் கெதியாய்க் காயவேண்டும் என்றும் சேர்த்து மன்றாடினார்.

இரண்டு மன்றாட்டும் கேட்கப்பட்டன. பையன் சுகமாகி வீடு வந்தான். அடுத்த வெள்ளிக் கூட்டம் அவனுடைய வீட்டு முற்றத்தில் நடந்தது.

அப்பாவோ கோயில் கதவையும் யன்னல்களையும் அகலத் திறந்து, கால் கழுவ வாசலில் வாளி நிறையத் தண்ணீர் வைத்துவிட்டுக் காத்திருந்தார். பாட்டுச் சத்தம் ஒடுங்கிய ஒழுங்கைப் பாதைக்கு அப்பாலிருந்து கேட்டது.

"வாங்கு காய்ஞ்சிட்டுது எண்டு போய்ச் சொல்லு. வரட்டாம்."

ஓடிப்போய்ச் சொன்னேன். பையனின் தாய் சிரித்தாள்.

"நாங்கள் எப்ப தம்பி வாங்கிலை இருந்தனாங்கள்?"

மற்றவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஒருவரும் எழும்பி வரவில்லை.

திரும்பி வந்து அதை ஒரு பகிடியாக அப்பாவிடம் சொன்னேன். திறப்பின் கதையைச் சொல்லவில்லை. சாகும்வரை அவருக்கு அது தெரியாது. அப்பா சிரிக்கவில்லை. துணியை எடுத்து, ஏற்கெனவே மினுங்கிக்கொண்டிருந்த எங்கள் வாங்கை மறுபடியும் துடைக்கத் தொடங்கினார்.

அப்பாவுக்குப் பகிடி விளங்குவதில்லை என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.